வெளுத்துப்போன ஃபைபர் படகு: நிறம் எங்கே போனது, எப்படித் திரும்பும்?

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவருக்குப் பழைய ஃபைபர் படகு ஒன்று வந்து சேர்ந்தது. 14 அடி நீளம். மேலே வெள்ளை, பக்கவாட்டில் சிவப்பு. சிவப்பு என்று அவர்தான் சொன்னார். நான் பார்த்தபோது திருநீறு பூசிய ரோஸ் நிறத்தில் இருந்தது. தேய்த்துப் பார்த்தால் உள்ளங்கை முழுக்க மாவு. பெயிண்ட் அடித்துவிடலாம் என்று முடிவெடுத்து, எந்தப் பெயிண்ட் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார். எங்கள் வாளியைத் தூக்கி, தண்ணீரைப் படகின் பக்கவாட்டில் வீசி ஊற்றினார். நனைந்த இடம் மட்டும் குங்குமச் சிவப்பாக எழுந்து நின்றது.

"கலரு உள்ளதான் தம்பி இருக்கு" என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார். கால் மணி நேரத்தில் வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டது. மறுபடியும் ரோஸ்.

அந்த ஒரு வாளித் தண்ணீர் என்ன செய்தது என்று புரிந்தால், பழைய படகைப் பளபளப்பாக்கும் வேலையில் பாதி புரிந்துவிடும்.

ஆற்றங்கரையில் பொறுக்கிய கூழாங்கல்லை நினைத்துப் பாருங்கள். தண்ணீருக்குள் கிடக்கும்போது பச்சையும் காவியும் கோடு கோடாக மின்னும். வீட்டுக்குக் கொண்டுவந்து காய்ந்த பிறகு பார்த்தால் சாம்பல் நிறக் கல். கல்லின் நிறம் எங்கும் போகவில்லை. அதன் மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் இருக்கின்றன. அவற்றில் படும் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுகிறது. சிதறிய வெளிச்சம் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும், அது உள்ளிருக்கும் நிறத்தை மூடிவிடும். தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பி மட்டமாக்குவதால், வெளிச்சம் உள்ளே போய் நிறத்தோடு திரும்புகிறது. படகிலும் நடந்தது இதுதான். ஆகவே வேலை நிறத்தைக் கொண்டுவந்து பூசுவது இல்லை. நிறத்தை மறைத்துக்கொண்டிருக்கும் அந்தச் சொரசொரப்பை எடுத்துப்போடுவதுதான்.

அந்தச் சொரசொரப்பு எப்படி வந்தது? அதற்கு ஃபைபர் படகு எப்படிப் பிறக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

மரப்படகை உள்ளே சட்டம் நிறுத்தி, பலகை அறைந்து, கடைசியில் வெளியே பெயிண்ட் அடித்து முடிப்பார்கள். ஃபைபர் படகு நேர் எதிர். முதலில் ஓர் அச்சு இருக்கும். அதன் உட்பக்கத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, படகு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மெழுகு தடவுவார்கள். அதன்மேல் முதலில் போவது ஜெல்கோட். பாலியெஸ்டர் ரெசின் என்ற, கலந்ததும் இறுகிவிடும் பிசினில் நிறமிப் பொடியைச் சேர்த்த கெட்டியான பூச்சு அது. அது இறுகத் தொடங்கியதும் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசின் ஊற்றி, ரோலரால் காற்றுக்குமிழ் போக உருட்டி, அடுக்கு அடுக்காக ஏற்றுவார்கள். எல்லாம் இறுகியதும் அச்சிலிருந்து கழற்றினால், முதலில் போட்ட ஜெல்கோட் வெளித்தோலாக இருக்கும். படகு வெளியிலிருந்து உள்நோக்கிச் செய்யப்படுகிறது. இட்லியைத் தட்டிலிருந்து எடுத்தால் அடிப்பக்கம் குழியின் வடிவத்தில் வழவழவென்று இருக்குமே, அதுபோலத்தான். புதுப் படகின் பளபளப்பு யாரும் தேய்த்து வந்தது இல்லை. அச்சின் மெருகு அப்படியே பதிந்தது.

இந்த ஜெல்கோட்டின் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். உங்கள் ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். அதைவிடக் கொஞ்சம் மெல்லியது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கக் குறைவாகத் தோன்றும். ஆனால் காரின் பெயிண்டுக்கு மேல் இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர்கோட் 0.05 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அதோடு ஒப்பிட்டால் இது பத்து மடங்கு. இன்னொரு நல்ல விஷயம், நிறமி மேல்தோலில் மட்டும் இல்லாமல் இந்த அரை மில்லிமீட்டர் முழுக்கக் கலந்திருக்கிறது. மேலே கொஞ்சம் தேய்த்து எடுத்தாலும் அடியில் அதே சிவப்பு, வெயில் படாத சிவப்பு.

சரி, வெயில் என்ன செய்கிறது? மொட்டை மாடியில் வருடக்கணக்காகக் கிடக்கும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் பேண்டில் ஒட்டுமே ஒரு பொடி, அதைத்தான் செய்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் ரெசினின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட நுனிகளில் காற்றிலுள்ள ஆக்சிஜன் போய்ச் சேர்கிறது. இரும்புக்குத் துருபோல ரெசினுக்கு இது. நிறமித் துகள்களைப் பிடித்துக்கொண்டிருந்த ரெசின் உதிர்ந்துபோக, துகள்கள் பிடிமானமில்லாமல் மாவாக மேலே நிற்கின்றன. ரெசின் போன இடமெல்லாம் நுண்துளை. அந்தத் துளைகளில் தண்ணீரும் அழுக்கும் இறங்கி, அடுத்த அடுக்கும் சிதையத் தொடங்கும். வெள்ளைப் படகிலும் இதே கதைதான் நடக்கும். வெள்ளை மாவு வெள்ளையில் தெரியாது, அவ்வளவுதான். சிவப்பும் கருநீலமும் வாங்கியவர்களுக்குத்தான் வயிற்றெரிச்சல். அந்த நிறங்களில் சில நிறமிகள் தாங்களே வெயிலில் வெளுக்கவும் செய்யும்.

நம் கடற்கரையில் 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் எக்கச்சக்கமாகப் பெருகின. தினமும் கடலுக்குப் போய்வரும் அந்தப் படகுகளுக்கு இந்தக் கவலை அதிகம் இல்லை. மணலில் இழுபட்டு, கயிறு உரசி, நங்கூரம் இடித்து, தேவைப்படும்போது மேலே பெயிண்ட் வாங்கிக்கொண்டு அவை ஓடுகின்றன. மங்கியதால் படகு பலவீனமாகிவிடாது என்பதும் உண்மை. ஆனால் ஜெல்கோட் அழகுக்கு மட்டும் இருப்பது இல்லை. உள்ளிருக்கும் இழைக்குத் தண்ணீர் எட்டாமல் காக்கும் தோலும் அதுதான். அது தேய்ந்து உள்ளே இழை தெரிய ஆரம்பித்தால் விஷயம் வேறு.

தேய்க்கும் முன்

முதலில் உங்கள் படகில் இருப்பது ஜெல்கோட்டா, யாரோ பிறகு அடித்த பெயிண்டா என்று பாருங்கள். பழைய படகு இரண்டு மூன்று கை மாறியிருக்கும். பெயர்ந்த ஓர் இடத்தின் ஓரத்தை உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். முட்டை ஓடுபோல் மெல்லிய பூச்சு பெயர்ந்து, அடியில் வேறு நிறம் எட்டிப் பார்த்தால் பெயிண்ட். தின்னர் நனைத்த துணியால் ஒரு மூலையில் துடைத்தாலும் சாதாரண எனாமல் இளகித் துணியில் ஒட்டும். பெயிண்ட் என்றால் இங்கே சொல்லும் வைத்தியம் பெரும்பாலும் பலிக்காது. தேய்க்கத் தேய்க்கப் பூச்சு தீர்ந்துபோகும்.

அடுத்து, அசல் நிறம் எது என்று தேடுங்கள். கயிறு கட்டும் கொக்கியின் அடியில், பழைய ஸ்டிக்கருக்குக் கீழே, வெயில் படாத இடம் எதிலாவது அது ஒளிந்திருக்கும். நண்பரின் படகில் பக்கவாட்டில் எண்கள் ஒட்டியிருந்தார்கள். ஹேர் டிரையரால் சூடு காட்டி மெதுவாக உரித்தோம். ஸ்டிக்கர் போன இடத்தில் அதே எண்கள் பளிச்சென்ற சிவப்பில் தெரிந்தன. சுற்றிலும் ரோஸ், நடுவில் சிவப்பு எண். இத்தனை வருட வெயில் என்ன செய்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

விரிசல்களையும் பார்த்துவிடுங்கள். சிலந்தி வலைபோல ஒரு புள்ளியிலிருந்து பரவும் விரிசல் அடிபட்டதால் வந்தது, தேய்த்தால் போகாது. நீர்மட்டத்துக்குக் கீழே கொப்புளங்கள் இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதற்குத் தனி வைத்தியம், தனி ஆள்.

அப்புறம் கழுவுவது. இதில் அவசரப்பட்டவர்கள் எல்லோரும் பிறகு வருந்துகிறார்கள். உப்புப் படிகம் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தாள்தான். நல்ல தண்ணீர் விட்டு இரண்டு முறை அலசிய பிறகே சோப்புத் துணி பட வேண்டும். இரும்பு ஆணியிலிருந்து ஒழுகிய துருக்கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம் கலந்த தண்ணீர் நன்றாக வேலை செய்யும். கையுறை கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். கழுவிக் காய்ந்ததும் தின்னர் அல்லது அதற்கென்று விற்கும் மெழுகு நீக்கியில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். பழைய மெழுகும் எண்ணெயும் மேலே இருந்தால், மேல்பரப்பை அரைத்து எடுக்கும் பசையான காம்பவுண்டு வழுக்கிக்கொண்டு போகுமே தவிர அரைக்காது.

எவ்வளவு முரட்டுத்தனம் வேண்டும்?

இந்த வேலையின் மூளை முழுவதும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஒரு சதுர அடி இடத்தை டேப் ஒட்டிப் பிரித்துக்கொண்டு, இருப்பதிலேயே மென்மையான மருந்திலிருந்து தொடங்க வேண்டும். முதலில் மெல்லிய பாலிஷ். கையால் நன்றாகத் தேய்த்துத் துடைத்துப் பாருங்கள். நிறம் வந்துவிட்டதா? அதிர்ஷ்டசாலி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால் ரப்பிங் காம்பவுண்டு. அதிலும் மங்கல் விடாமல் நின்றால்தான், தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பரைக் கையில் எடுக்க வேண்டும். நேராக 400 நம்பர் பேப்பரை எடுத்துக்கொண்டு இறங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். எடுத்த ஜெல்கோட்டைத் திரும்பப் போட முடியாது என்பது அவர்களுக்கு மாலையில்தான் உறைக்கும்.

நண்பரின் படகுக்குக் காம்பவுண்டு போதவில்லை. வாட்டர் பேப்பர்தான். 1000 நம்பரில் ஆரம்பித்து, 1500, பிறகு 2000. நம்பர் ஏற ஏறத் தாள் மென்மையாகும். ஒவ்வொரு தாளின் வேலையும் முந்தைய தாள் போட்ட கீறலை அழிப்பது மட்டும்தான். 1000-ஐ இடவலமாகத் தேய்த்தால் 1500-ஐ மேல்கீழாகத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் பழைய கீறல் மிச்சம் இருக்கிறதா என்று தெரியும். தாளை வெறும் விரலால் பிடித்துத் தேய்த்தால் விரல் பதியும் இடத்தில் மட்டும் பள்ளம் விழும். ஒரு ரப்பர் கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பின் அடியை வெட்டியும் சுற்றலாம், நாங்கள் அதைத்தான் செய்தோம். வாளித் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் சில சொட்டுகள் விட்டுக்கொண்டால் தாள் அடைக்காது.

ஒரு சின்னத் தந்திரம். தேய்க்கப்போகும் இடத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிறுக்கிவிடுங்கள். பென்சில் கோடு எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே தாள் இன்னும் படவில்லை. எல்லாக் கோடும் போனதும் நிறுத்தி அடுத்த தாள். இந்தக் கணக்கு இல்லாமல் தேய்த்தால் கை சௌகரியப்படும் இடத்தில் நிறையவும் எட்டாத இடத்தில் குறைவாகவும்தான் தேய்ப்போம்.

தேய்க்கும்போது தண்ணீர் ரோஸ் நிறப் பாலாக வழியும். படகே கரைகிறது என்று நண்பர் பதறினார். வழிவது செத்த மாவு. வழியும் நீரின் நிறம் கெட்டிச் சிவப்பாக மாறத் தொடங்கினால் உயிருள்ள அடுக்கைத் தொட்டுவிட்டீர்கள், கையை இலகுவாக்கலாம்.

தேய்த்து முடித்துக் காய்ந்ததும் பார்த்தால் படகு முன்பைவிட மோசமாக, சாக்பீஸ் தேய்த்த கரும்பலகைபோல மங்கலாக இருக்கும். பலர் மனம் உடைந்து பெயிண்ட் கடைக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான். பொறுங்கள். இது ஒரே சீரான மங்கல். காம்பவுண்டு சாப்பிடத் தயாரான மங்கல்.

மெஷின் விஷயம்

காம்பவுண்டைக் கையால் தேய்த்து 14 அடிப் படகை முடிக்கலாம் என்பவருக்கு என் வணக்கம். மற்றவர்களுக்கு, பஃப் என்ற மெத்தென்ற வட்டைச் சுழற்றி மெருகேற்றும் பஃபிங் மெஷின் வேண்டும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 1000 முதல் 1800 சுற்று வரை இந்த வேலைக்குப் போதும். பட்டறைகளில் சிலர் வெல்டிங் வேலைக்கு வைத்திருக்கும் 4 அங்குல கிரைண்டரில் பஃப் மாட்டிக்கொண்டு வருவார்கள். அது நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். ஜெல்கோட் கருகும் வாசனை வரும்போது காலம் கடந்திருக்கும்.

கம்பளிப் பஃபில் காம்பவுண்டைக் கொஞ்சமாக எடுத்து, இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் மெஷினை ஓடவிடாமல் முதலில் ஒற்றிப் பரப்புங்கள். பிறகு குறைந்த வேகத்தில் தொடங்கி, மெஷினை நகர்த்திக்கொண்டே இருங்கள். நிற்கக் கூடாது. நான் நின்றேன். நண்பர் ஏதோ கேட்டார், திரும்பிப் பதில் சொன்னேன், மூன்று விநாடி இருக்கும். பக்கவாட்டும் மேல்தளமும் சேரும் அந்த மடிப்பில் பஃப் நின்ற இடத்தில் விரல்நுனி அளவுக்குச் சாம்பல் பச்சையாகக் கண்ணாடி இழை தெரிந்தது. விளிம்புகளில் பஃபின் மொத்த அழுத்தமும் ஒரு கோட்டில் விழும் என்று ஏட்டில் படித்திருந்தேன், கையில் அன்றுதான் படித்தேன். அதற்கு நிறம் சேர்த்த ஜெல்கோட்டைக் கலந்து தொட்டுவைத்து, மீண்டும் தேய்த்து என்று அரை நாள் போனது. அதன் பிறகு எல்லா விளிம்புகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, கடைசியில் அந்த இடங்களைக் கையாலேயே முடித்தோம்.

வெயிலில் வேலை செய்ய வேண்டாம். காம்பவுண்டு காய்ந்து சுண்ணாம்பாக ஒட்டிக்கொள்ளும். காலை எட்டு மணிக்குள் ஒரு பக்கம், நான்கு மணிக்கு மேல் மறுபக்கம் என்று பிரித்துக்கொண்டோம். ஈரத் தேய்ப்பும் மின்சார மெஷினும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடவே கூடாது. நீட்டிப்புப் பெட்டியைத் தரையில் போடாமல் உயரத்தில் தொங்கவிடுங்கள். மூக்குக்கு முகக்கவசமும் வேண்டும். பஃபிலிருந்து பறக்கும் தூசியில் ரெசின் பொடி இருக்கிறது.

கம்பளிப் பஃப் முடிந்ததும் ஸ்பாஞ்சுப் பஃபில் மெல்லிய பாலிஷ் ஒரு சுற்று. இப்போது உங்கள் முகம் படகில் தெரியும். உடனே போட்டோ எடுக்காதீர்கள். காம்பவுண்டிலும் பாலிஷிலும் எண்ணெய்ப் பசை உண்டு. அது கீறல்களுக்குள் புகுந்துகொண்டு, பெரியவர் ஊற்றிய தண்ணீர் செய்த அதே வேலையைச் செய்யும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஓர் இடத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். பளபளப்பு அப்படியே நின்றால் அது அசல். மங்கினால் கீறல் இன்னும் இருக்கிறது, ஒரு படி பின்னால் போக வேண்டும்.

தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் கலந்த ஏதோ ஒன்று, தரைக்குப் போடும் அக்ரிலிக் பாலிஷ் என்று ஆளாளுக்குக் குறுக்குவழி சொல்வார்கள். எல்லாமே பலிக்கும், கொஞ்ச நாளைக்கு. எண்ணெய் ஒரு வாரத்தில் தூசியைப் பிடித்துப் பிசுக்காகும். அக்ரிலிக் கூடுதல் நாள் தாங்கும், ஆனால் பிறகு மஞ்சளித்துத் தோல் உரியும். உரிந்ததைச் சுரண்டி எடுப்பது முதல் வேலையைவிடப் பெரிய வேலை.

கடைசிப் படி மெழுகு. வாக்ஸ் நிறத்தைக் கொண்டுவராது, வந்த நிறத்தைக் காவல் காக்கும். வெயிலும் உப்பும் முதலில் அதைத்தான் தின்னும், அது தீர்ந்த பிறகே ஜெல்கோட்டுக்கு வரும். பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகு பழங்காலத்து மருந்து. இப்போது பாலிமர் சீலன்டுகள் என்ற செயற்கைக் காப்புப் பூச்சுகள் இன்னும் நீண்ட நாள் நிற்கின்றன. எதுவானாலும் மெல்லிசாக இரண்டு முறை. நம்மூர் வெயிலுக்கு மூன்று நான்கு மாதத்தில் மறுபடி ஒரு முறை. தண்ணீர் தெளித்தால் தாமரை இலைபோல முத்து முத்தாக உருள்கிறதா, பரவி ஒட்டுகிறதா என்று பார்த்தாலே மெழுகு இருக்கிறதா தீர்ந்ததா என்று தெரிந்துவிடும். கால் வைத்து நடக்கும் தளத்தில் மட்டும் மெழுகு பூசாதீர்கள். ஈரக்காலோடு ஏறுபவர் நேராகக் கடலுக்குள் போவார்.

மொத்தம் இரண்டு பேர், மூன்று நாள். நடுவில் டீக்கடைக்குப் போன நேரம் தனி. நண்பர் இப்போது படகுக்கு மேலே கீற்றுக் கொட்டகை போட்டிருக்கிறார். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுவதைவிட இது மேல். தார்ப்பாய் காற்றில் ஆடி ஆடி உரசும், அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஓலை வெயிலையும் மறைக்கும், காற்றையும் விடும்.

அந்த எண்கள் மட்டும் முழுதாகப் போகவில்லை. நேரே நின்று பார்த்தால் ஒரே சிவப்பு. காலை வெயில் சாய்வாக விழும்போது ஒருபக்கமாகக் குனிந்து பார்த்தால், ஸ்டிக்கர் காத்துவைத்திருந்த அந்த இடம் மட்டும் இம்மி உயரமாக, பழைய எண்ணை இன்னும் காட்டுகிறது. தேய்த்து எடுத்துவிடலாமா என்று நண்பர் கேட்டார். அதற்குச் சுற்றியிருப்பதை விட்டுவிட்டு நல்ல ஜெல்கோட்டைத்தான் தேய்க்க வேண்டும் என்றேன். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.